பினாங்கில் ஒரு பங்கு



பினாங்குத் தீவுக்குச் செல்வோர் ஜார்ஜ் டவுன் நகரின் சூலியா தெருவைக் காணாமல் திரும்புவதில்லை. 1786ல் ஆங்கிலேயர் இத்தீவில் கொடி நாட்டிய காலந்தொட்டே நம் கடற்கரை வணிகர்கள் அங்குக் குடியேறினர். தெருவின் பெயரும் அவர்களைக் குறித்ததே. அருகே, அவர்களின் தலைவர் காதர் முஹ்யித்தீன் 1801ல் தோற்றுவித்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் கம்பீரமாய் நிற்கிறது. நாகூர் ஆண்டகையின் பெயரால் சிறு தர்காவும் உண்டு. 2008ல் யுனெஸ்கோ இப்பழம்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இத்தெருவுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1926ல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் நாகப்பட்டினத்தில் ஏற்றிச் சென்ற சபராளிகளில் சிலர் திரும்பவேயில்லை. மலாய்ப் பெண்களை மணந்து அங்கேயே வேரூன்றினர். இத்தகைய குடும்பங்களின் வழித்தோன்றல்களை ஜாவி பெரானாக்கான் என்பர். 1876ல் சிங்கப்பூரில் மலாய் மொழியின் முதல் செய்தித்தாளை நடத்தியவர்கள் இச்சமூகத்தாரே. அப்பெருமையை நாம் பேசுகிறோம். இக்கரையில் காத்திருந்த மனைவியரைப் பற்றி எவர் பேசுகிறோம்?

எழுபது வயதைக் கடந்த ஒரு சகோதரியோடு அத்தெருவில் நடக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவருக்கு நான்கு வயதாகும்போது வாப்பா கப்பலேறினார். சில ஆண்டுகள் கடிதமும் பணமும் வந்தன. பின்னர் இரண்டும் நின்றன. உம்மா அப்பெயரை உச்சரிப்பதை விட்டார். மகளும் கேட்பதை விட்டார். உம்மா மறைந்து நெடுநாளான பின், பினாங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மர்ஹூமாகிவிட்ட வாப்பாவின் கடைவீடு பிரிக்கப்படாமலே கிடக்கிறது, வாரிசுகள் அனைவரும் வேண்டும் என்று அங்குள்ள மகன் எழுதியிருந்தார்.

"இந்தப் பணத்தைத் தொடலாமா?" என்று அவர் ஊர் ஆலிமைக் கேட்டார். "வாரிசுப் பங்கு மனிதர் தரும் தயவன்று, இறைவன் விதித்தது. வேண்டாமென்றாலும் அது உங்களுடையதே. பெற்றபின் யாருக்கும் கொடுக்கலாம்" என்றார் அவர்.

கடைவீட்டு வாசலில் நரைத்த தம்பி, "காக்கா" என்று அழைத்தபடி சலாம் கூறினார். சகோதரி திகைத்தார். நம்மூரில் காக்கா என்றால் மூத்த சகோதரன்; மலாயில் மூத்த சகோதரி! அன்று அவர் முகத்தில் கண்ட ஒரே சிரிப்பு அதுதான்.

பின்பு தம்பி ஒரு தாளை விரித்தார். சூரத்துன் நிஸாவின் 11, 12ஆம் வசனங்களின்படி சொத்து 48 பங்காக்கப்பட்டிருந்தது. மனைவியர் இருவருக்கும் சேர்த்து எட்டில் ஒன்று, ஆளுக்கு 3. எஞ்சிய 42ல் மகனுக்கு 28, மகளுக்கு 14. முதல் வரியில் உம்மாவின் பெயர். வாப்பா இறக்கும்போது உம்மா உயிரோடிருந்ததால் அவருக்கும் பங்கு உண்டு. அது இனி அவருடைய வாரிசுகளைச் சேரும். அப்பெயரை வாப்பாவே தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தாராம்.

மையவாடியில் நெடுநேரம் நின்ற பின் சகோதரி சொன்னார்: "மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தோம். நினைவு வைத்துக்கொண்டே வராமல் இருந்திருக்கிறார். இதில் எது பெரிய நோவு என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் உம்மாவின் பெயர் எழுதப்பட்டிருந்தது. அது போதும்."

சகோதரிகளே, உங்கள் இல்லத்திலும் உச்சரிக்கப்படாத பெயர் ஒன்று இருக்கலாம். பழைய கடிதங்களை எரித்துவிடாதீர்கள். கப்பலேறியவரின் பெயரையும், அவருக்காகக் காத்திருந்தவரின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். பினாங்குக்குச் சென்றால் பள்ளிவாசலின் அழகைப் பாருங்கள். அப்படியே மையவாடிக்கும் சென்று, உங்கள் ஊரார் எவரேனும் உறங்குகிறாரா என்று பார்த்து, ஒரு சலாம் கூறி வாருங்கள்.