முகப்பேரில் ஒரு வானத்து இரும்பு

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூரை அடுத்து இருக்கிறது முகப்பேர். இங்கே கோவில் கொண்டிருக்கும் சந்தான ஸ்ரீநிவாஸப் பெருமாளைச் சேவித்தால் பிள்ளை வரம் கிட்டும் என்பது ஐதீகம். 'மகப்பேறு' என்பதே முகப்பேர் ஆயிற்று என்பார்கள். வயலும் ஏரியுமாயிருந்த இவ்வூரில் இன்று மாடி வீடுகள் நெருங்கி நிற்கின்றன.

சென்ற வாரம் என் மாணவன் ஒருவன் என்னை அங்கே அழைத்துச் சென்றான். வீட்டுக் கிணற்றில் தூர் வாரியபோது துருவேறிய கட்டி ஒன்று அகப்பட்டதாம். "விண்கல்தானே, ஸார்?" என்றான். தரகர் ஒருவர் வந்து, அதில் இரிடியம் இருப்பதாகவும், கோடிக்கணக்கில் விலை போகும் என்றும், பரீக்ஷைச் செலவுக்கு முதலில் ஐம்பதாயிரம் ரூபாய் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். பையனின் தாயார் வளையல்களைக் கழற்றி வைத்திருந்தார்!

தமிழ்நாட்டில் மெய்யான வானத்து இரும்பு கிடைத்ததுண்டு. 1898-ஆம் ஆண்டில் கோடைக்கானலுக்கருகே சுமார் 16 கிலோ எடையுள்ள கட்டி ஒன்று அகப்பட்டது. 1906-இல் வியன்னா நகரத்துப் பண்டிதர் பெர்வெர்த் அதனை ஆராய்ந்து, இரும்பினுள்ளே சிலிகேட் மணிகள் பதிந்திருப்பதை விவரித்தார். அம்மணிகளின் வயது சுமார் 370 கோடி ஆண்டுகள் என்று பின்னர் கணக்கிட்டார்கள். இன்று அது 'இரண்டு-ஈ' என்னும் அபூர்வ வகுப்பில் வைத்து எண்ணப்படுகிறது.

நெடுங்காலம் மண்ணில் கிடந்து துருவேறிய இரும்பின் குலத்தை அறிவது எப்படி? காந்தம் மட்டும் போதாது. உலையில் உருகிய இரும்பையும் அது இழுக்கும். வானத்து இரும்பில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பங்காவது நிக்கல் இருக்கும். பெரும்பாலானவற்றை அறுத்து, மெருகிட்டு, நீர்த்த நைட்ரிக் அமிலம் தடவினால், பாய் முடைந்தாற்போல் கோடுகள் தோன்றும். பல லக்ஷம் ஆண்டுகள் மெல்லக் குளிர்ந்தாலன்றி அக்கோடுகள் அமையா. எந்த உலையாலும் அவற்றைச் செய்ய இயலாது. இரிடியமும் உண்டுதான், ஆனால் ஒரு டன்னுக்குச் சில கிராம் அளவே. விஞ்ஞானிகள் அதை அளப்பது விற்பதற்கன்று, வகுப்பை நிர்ணயிப்பதற்கு.

கட்டியின் ஓரத்தை அரத்தால் ராவினேன். உள்ளே கொப்புளத் துவாரங்கள்! மறுநாள் பள்ளி ரசாயன சாலையில் நிக்கலைச் சோதித்தோம். நிக்கல் இருந்தால் தோன்ற வேண்டிய செந்நிறம் தோன்றவேயில்லை. எங்கோ ஓர் உலையில் வெளிப்பட்ட கசடுதான் அது.

பையன் முகம் வாடிற்று. "அப்படியானால் இது ஒன்றுமே இல்லையா, ஸார்?"

"உன் அம்மாவின் வளையல்களைக் காப்பாற்றியிருக்கிறாய், அப்பா! அது போதாதா?" என்றேன்.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். இத்தகைய கட்டி கிடைத்தால் தரகரை நாடாதீர்கள். நம் நாட்டு விண்கற்களைப் பேணிவரும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு எழுதுங்கள். நிஜமாகவே வானத்திலிருந்து வந்த பொருளானால், அது தேசத்தின் செல்வம்.