கைத்தொலைபேசியில் முளைத்த காடு

வடமேற்குச் சீனாவின் கான்சு மாநிலத்தில், பாடைன் ஜாரன், தெங்கர் என்னும் இரு பாலைவனங்களுக்கு நடுவே மின்சின் வட்டாரம் இருக்கிறது. அங்கே மணலைப் பிடித்து நிறுத்துவது சாக்சாவுல் என்னும் குட்டை மரம்.

பணம் செலுத்த உதவும் அலிபே செயலியில் 2016-இல் 'எறும்புக் காடு' தொடங்கியது. பேருந்தில் போனாலும், நடந்து போனாலும் பசுமைப் புள்ளி சேரும். நண்பரின் புள்ளியை விளையாட்டாகத் திருடவும் செய்யலாம்! போதிய புள்ளி சேர்ந்தால், வறண்ட நிலத்தில் ஒரு கன்று நடப்படும். 2019-க்குள் 50 கோடிப் பேர் சேர்ந்தார்கள். 12 கோடிக்கு மேல் மரங்கள் நட்டார்கள். அவ்வாண்டே ஐ.நா. விருதும் கிடைத்தது.

புள்ளி சேர்ப்பது நகரத்து இளைஞர் விரல். குழி வெட்டி, நீர் ஊற்றுவது உள்ளூர்க்காரர் கை. நடுவது ஒரு நாள் வேலை, பிழைக்க வைப்பது பல வருட வேலை. ரப்பர்க் கன்று நட்டவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?