லீவில நிக்கிறன்

புதுச் சீமெந்தில் தண்ணீர் பட்டவுடன் ஒரு வாசம் எழும், முதல் மழையின் மண்வாசத்தோடு சேர்த்தியில்லாத, மூக்கின் உட்புறத்தை லேசாக வறட்டுகிற சுண்ணாம்பு வாசம், அது பாரிசின் புறநகரான எபினே-சூர்-செய்னில் இப்போது எந்தத் தெருவில் திரும்பினாலும் வருகிறது, இந்த ஊரில் எங்காவது ஒரு மூலையில் ஒரு கட்டடத்தை இடித்துக்கொண்டோ எழுப்பிக்கொண்டோ இருக்கிறார்கள், எட்டாம் இலக்க ட்ராம் 2014 கடைசியில் ஓடத் தொடங்கியதிலிருந்து அது இன்னும் கூடிவிட்டது. வேலைக்குப் போகிற ஆளுக்கு அந்த வாசம் தெரியாது, அவன் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்துவிடுவான், வேலை நின்றவனுக்குத்தான் காலை பத்து மணியில் ஒரு ஊருக்கு என்ன வாசம் என்று தெரியவரும். எனக்கு அது அப்பாவின் காக்கிச் சட்டையின் வாசம்.

அப்பா காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பொதி கட்டுகிற பகுதியில் இருந்தார். அது 1950-இல் உற்பத்தி தொடங்கிய தொழிற்சாலை, ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தபோது வந்தது, அவருடைய அரசியலை வாய்க்கு வந்தபடி திட்டுகிற கிழவர்கள்கூட, 'என்னெண்டாலும் பக்டரி கொண்டுவந்த மனுசன்' என்று ஒரு வசனத்தைப் போட்டுத்தான் வெற்றிலையைத் துப்புவார்கள். சுண்ணக்கல்லை அங்கேயே வெட்டினார்கள், களிமண் முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது, இரண்டையும் அரைத்துச் சுட்டு எடுத்த தூளின் ஒரு பங்கு பையில் போனது, ஒரு பங்கு எங்கள் வேலியில் வந்து படிந்தது, பூவரசம் இலையை விரலால் துடைத்தால்தான் அதற்குப் பச்சை நிறம் என்று தெரியும். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் அம்மா வெள்ளைத் துணிகளை வெளியில் காயப்போட மாட்டாள், வீட்டுக்குள் கொடி கட்டுவாள், நாங்கள் ஈரச் சேலைகளுக்குக் கீழே குனிந்து குனிந்து நடப்போம்.

அப்பப்பாவிடம் மணிக்கூடு இருந்ததில்லை. தொழிற்சாலைச் சங்கு ஊதினால் எழும்புவார், அடுத்த சங்குக்கு வெற்றிலை உரலை எடுப்பார், பின்னேரச் சங்கு கேட்டதும் படலையடியில் போய் நிற்பார், அப்பா சைக்கிளில் வருவார், புருவமும் காது மயிரும் சாம்பல் பூத்து, தகப்பனைவிட வயது கூடிய ஆள் போல. கிணற்றடியில் முதல் வாளித் தண்ணீர் தலையில் விழும்போது அந்த வாசம் எழும்பும், பிறகுதான் சவர்க்காரத்தின் வாசம்.

1987-இல் சண்டை வந்து, பிறகு இந்திய இராணுவம் வந்து, பிறகு அவர்களோடும் சண்டை வந்து, அப்பா வேலைக்குப் போகாமல் நெடுநாள் வீட்டில் கிடந்தார். திரும்ப வரச் சொல்லி ஆள் வந்தபோது முதல்நாள் இரவே சிரட்டைக் கரி போட்டு ஸ்திரிக்கைப் பெட்டியைச் சூடாக்கி, சீமெந்துத் தூளுக்குள் போகப்போகிற சட்டைக்கு மடிப்புக் கலையாமல் தேய்த்தார். அன்று பின்னேரம் வந்து அவர் சொன்னது ஒன்றுதான், அவருடைய அலுமாரிக்குள் விட்டுவந்த துவாய் வைத்த இடத்திலேயே இருந்ததாம். அதை இரண்டு மூன்று தரம் சொன்னார், அம்மா ஏன் இந்த மனுசன் ஒரு துவாய்க்கு இப்படிச் சந்தோசப்படுகிறது என்று பார்த்தாள். எனக்கு அது விளங்குவதற்கு இத்தனை வருடமும் ஒரு தோள்பட்டைச் சத்திரசிகிச்சையும் தேவைப்பட்டன.

1990 ஆனியில் மறுபடி யுத்தம் தொடங்கியது. யாழ்தேவி ரயில் நின்றது, சங்கு நின்றது, வலிகாமம் வடக்குச் சனம் கையில் அகப்பட்டதைக் கட்டிக்கொண்டு தெற்கே நடந்தது, நாங்கள் மானிப்பாய்ப் பக்கம் தெரிந்தவர்கள் வீட்டு விறாந்தையில் ஒதுங்கினோம். யாரும் அப்பாவை வேலையை விட்டு நிறுத்தவில்லை, அதுதான் விசயம். தபால் ஒழுங்காக வராத காலம், கடிதம் என்று ஒன்று வரவில்லை, நாளை வா என்றோ இனி வராதே என்றோ சொல்ல அங்கே ஆளில்லை. ஆனாலும் விடிய முதல்சங்கு ஊதுகிற நேரத்துக்கு அவர் எழும்பி, முகம் வழித்து, தலை இழுத்து, வாங்கில் வந்து இருப்பார். போகிற வருகிறவர்கள் இப்ப என்ன செய்யிறியள் என்று கேட்டால், 'லீவில நிக்கிறன்' என்பார். பிறகு விறகு கட்டிச் சைக்கிளில் கொண்டுபோய் விற்றார், வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றார், அதையெல்லாம் செய்துகொண்டே லீவில் நின்றார். தொழிற்சாலைக்குள் விடுகிற அடையாள அட்டை நெஸ்பிறே ரின்னுக்குள், எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களோடு, கடைசிவரை இருந்தது.

என்னுடைய கதையில் அப்படி ஒன்றுமில்லை, எல்லாம் ஒழுங்காக, மரியாதையாக நடந்தது. பாரிசில் ஒரு ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, அடுப்புக்கு வந்து, இருபது கிலோ சட்டிகளைத் தூக்கித் தோள் கிழிந்து, வெட்டித் தைத்து, மாதக்கணக்கில் சுகவீன விடுப்பில் நின்று, வேலை வைத்தியரிடம் போய் இந்த ஆள் வேலை செய்யலாம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினேன். அறுபது நாளுக்கு மேல் நோயில் நின்றால் அந்த வைத்தியரைப் பார்க்காமல் திரும்ப முடியாது, அவர் கையை உயர்த்து, பின்னால் கொண்டுபோ என்று சொல்லிப் பார்த்துவிட்டு, நல்லா வந்திருக்கு என்று என்னைவிடச் சந்தோசப்பட்டார்.

சமையலறையில் உப்புப் பெட்டி இடம் மாறியிருந்தது. அவ்வளவுதான், ஆனால் வருடக்கணக்காகக் கண் பாராமல் கை போன இடம் அது, இப்போது கை போய் வெறும் சுவரில் முட்டி நின்றது. நான் முதல்நாள் மத்தியானமே தொடங்கி எலும்பைக் கொதிக்க வைத்து இறக்குகிற குழம்பு இப்போது பிளாஸ்ரிக் பையில் அடைத்து வெளியிலிருந்து வருகிறது, ஒரு பொடியன் அதைச் சுடுதண்ணியில் போட்டு மணி அடித்ததும் எடுக்கிறான், நல்ல பொடியன், என்னை 'மிஸ்யூ' என்று கூப்பிட்டு ஒதுங்கி இடம் விட்டான். சொந்த அடுப்படியில் ஒருவனுக்கு இடம் விடுகிறார்கள் என்றால் அவன் விருந்தாளி. நோயில் கிடந்தபோது போகாத வேலை திரும்பி வந்த பிறகு போவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, ஆள் இல்லாமல் எப்படி நடத்துவது என்று ஒரு இடம் படித்துவிட்டால் அது அந்தப் பாடத்தை மறப்பதில்லை.

பதிவுத்தபால் வந்தது, வீட்டில் ஆளில்லை என்று துண்டு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள், போய்க் கையெழுத்து வைத்து எடுத்தேன். ஒரு சந்திப்புக்கு வரும்படி அழைப்பு, கடிதம் முதலில் வீட்டு வாசலுக்கு வந்து ஐந்து வேலைநாளாவது கழிந்துதான் சந்திக்க வேண்டும், துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிவரலாம், மாநகரசபையில் அதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. பத்ரோன், எங்கள் முதலாளி, கோப்பி ஊற்றித் தந்தார், பொருளாதாரக் காரணம் என்றார், வாடகை, மின்சாரம், மத்தியானம் சாப்பிட வராத கந்தோர்க்காரர்கள் எல்லோரையும் சொன்னார், தோளைச் சொல்லவில்லை. பிறகு ஒரு கட்டுக் கடதாசியைத் தள்ளினார், வேலை போகிறவருக்கான பாதுகாப்பு ஒப்பந்தம், 1,000 பேருக்குக் குறைந்த இடங்களில் பொருளாதாரக் காரணத்தால் ஆளை நிறுத்தினால் அந்த ஒப்பந்தத்தை முதலாளி கொடுத்தே ஆகவேண்டும், சம்மதிக்க 21 நாள், சம்மதித்தால் நீக்கல் முன்னறிவித்தல் இல்லாமல் வேலை முடிந்து, ஒரு வருட சேவையுள்ளவருக்குப் பிடித்தம் போகாத சம்பளத்தில் 75 வீதம் 12 மாதத்துக்கு வரும், கூடவே வேறு வேலைக்குப் படிக்கவும் வழி காட்டுவார்கள். பேசாமல் இருப்பதும் மறுப்புத்தான். கடதாசிகள் கையில் இருக்க, காலையில் வழக்கமான நேரத்துக்கு எழும்பி முகம் வழித்துக்கொண்டு நின்றேன், மனைவி ஒன்றும் கேட்கவில்லை, கோப்பியைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

எங்கள் கட்டடத்தில் ஒரு பிரெஞ்சுக் கிழவி இருக்கிறார், ஒருகாலம் எக்லேர் படக் கூடத்தில் பிலிம் கழுவியவர். இந்த ஊரின் பழைய பெருமை அது, 1907-இல் தொடங்கிய எக்லேர் நிறுவனம், உயிரியல் அறிஞர் லாசெபேத் வாழ்ந்த காணியில் வேர்விட்டது, பக்கத்திலேயே வேறு படப்பிடிப்புத் தளங்களும் வந்தன, 1930-இல் ரெனே கிளேர் பாரிசின் கூரைகளைப் பற்றிப் படம் எடுத்தபோது அந்தக் கூரைகளை லாசார் மீர்சோன் எபினேயில்தான் மரத்திலும் சாந்திலும் செய்து நிறுத்தினார். உலகம் பாரிஸ் என்று பார்த்தது எங்கள் ஊரை, இன்றைக்கு ட்ராமில் வருகிற எவருக்கும் அது தெரியாது, தெரிந்தாலும் தலை நிமிரப்போவதில்லை. கிழவி இரவில் படியில் விளக்குப் போடுவதில்லை, சுவரில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு மளமளவென்று ஏறுவார், இருட்டில் வேலை செய்த கைக்கு வெளிச்சம் கரைச்சல் என்பார். திரையரங்குகள் டிஜிட்டலுக்கு மாறிய பிறகு பிலிமுக்கு வேலை இல்லாமல் போய், 2015-இல் நிறுவனம் நீதிமன்றம் ஏறிக் கைமாறியது, அவர் அதற்கு எவ்வளவோ முன்பே ஓய்வெடுத்துவிட்டார், ஆனால் தெரிந்த எல்லோரையும் பார்த்திருக்கிறார்.

என்னைப் படியில் மறித்து, லீக்ஸ் சூப்பு ஒரு போத்தல் தந்து, வேலை போன ஆண்கள் முதல் மாதம் குசினிச் சுவருக்குப் பெயின்ற் அடிப்பார்கள், இரண்டாம் மாதம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், நீ பெயின்ற் வாங்காதே என்றார்.

பெயின்ற் வாங்கவில்லை, பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல் போனேன். எபினே-வில்தனூஸ் நிலையத்தில் எச் ரயில் ஏறினால் கார் து நோர், அங்கிருந்து நடை, பாலத்தின் மேல் இரண்டாம் இலக்க மெற்றோ தடதடக்க, றூ காயில் திரும்பியதும் கறிவேப்பிலையும் பொரித்த றோல்ஸின் எண்ணெயும் சாம்பிராணியும் ஒன்றாக வந்து மோதும், கொத்துறொட்டித் தகட்டின் சத்தம் மத்தியானத்துக்கு முன்பே தொடங்கிவிடும். எண்பதுகளில் வந்த அண்ணைமாரின் ஊர் இது, ஒரு அறைக்குள் பத்துப்பேர், இரவு வேலைக்காரன் எழும்பிப் போக அந்த மெத்தைச் சூட்டிலேயே பகல் வேலைக்காரன் படுத்த காலம், 1985-இல் ஒரு பிள்ளையாரையும் வைத்துவிட்டார்கள், அவரும் இடம் மாறி இப்போது றூ பஜோலில் இருக்கிறார், ஆவணிக் கடைசியில் தேர் இழுத்துத் தேங்காய் உடைத்துத் தெருவையே இளநீரில் நனைக்கிறார்கள். அப்போது வேலை போனால் காலையில் இந்த மூலையில் வந்து நிற்பார்களாம், அந்த ரெஸ்ரோறண்டில் ஆள் கேட்கிறான், இந்த ஹோட்டலில் மெனாஜுக்கு, துப்புரவுக்கு, ஆள் வேணும் என்று ஆராவது சொல்ல, பின்னேரமே ஏப்ரன் கட்டிவிடுவார்களாம். இப்போது அதே மூலையில் நிற்கிற பழையவர்கள் முழங்கால் வைத்தியரின் பேரைப் பரிமாறுகிறார்கள், பொடியள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு கடக்கிறார்கள், மாம்பழப் பெட்டிக்குள் மாம்பழ வாசம்கூட முன்னைப்போல் இல்லை.

தேத்தண்ணிக் கடையில் ஒரு அண்ணை, சீட்டுப் பிடித்தும் பிடிபட்டும் ஓய்ந்தவர், என்னைப் பகலில் கண்டுவிட்டு, "என்ன தம்பி, லீவோ?" என்றார். "ஓம் அண்ணை, லீவில நிக்கிறன்" என்று வாய் தானாகச் சொன்னது. அவர் கிளாசை வைத்துவிட்டு என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார், "சோமாஜ், அந்த வேலையில்லாக் காசை எடுத்துக்கொண்டு பக்கத்தில கறுப்பில செய், கையில காசு தருவாங்கள்" என்று, கேளாத கேள்விக்குப் பதில் சொன்னார். அந்த வழியில் போய்ப் பென்சனுக்கு வருடம் காணாமல் கிடக்கிற ஆள் அவர்தான், அதை அவரிடம் சொல்ல முடியாது, தேத்தண்ணிக்கு நான் காசு கொடுத்தேன்.

திரும்பி வந்து அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். 2024 தைமாதம் பிரான்ஸ் திராவாய் என்று பெயர் மாற்றிக்கொண்ட, வேலை தேடித் தருகிற கந்தோரில் ஒரு பிள்ளை, என் மகள் வயதுதான் இருக்கும், உங்கள் திட்டம் என்ன என்று கேட்டது, எனக்கு வாழ்க்கையில் ஆரும் கேட்காத கேள்வி, பாடசாலைச் சாப்பாட்டு மண்டபத்தில் சமைக்கலாம் என்று சொன்னேன், பகல் வேலை, பாரம் குறைவு, பின்னேரம் பிள்ளைகள் வரும்போது வீட்டில் நிற்கலாம். அதற்கான படிப்பில் சுகாதார விதிகள் ஒரு முழுப் புத்தகமாம், எனக்கு மனதுக்குள் சிரிப்பு, ஆனால் புத்தகத்தை வாங்கிவிட்டேன்.

அம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள். 2015 தையில் காங்கேசன்துறைக்கு ரயில் மறுபடி வந்தபோது ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சங்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் கிணற்றைத் தூர்த்துப் போட்டாங்கள் என்று மட்டும் சொன்னவள். ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து, தோள் எப்பிடி, இன்னும் லீவிலயோ என்று கேட்டாள்.

"இல்லை அம்மா, நிப்பாட்டிப் போட்டாங்கள்."

கொஞ்ச நேரம் கோடு இரைந்தது. ஐயோ என்று ஒரு சத்தம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

"கடிதம் தந்தவங்களோ?"

தந்தவர்கள் என்றேன். அப்பாவின் சேமலாபக் காசுக்கு ஒரு கந்தோர் மாறி ஒரு கந்தோராக அவள் அலைந்த கதை எனக்குத் தெரியும், வேலை முடிந்த திகதி என்ன என்று எல்லாரும் கேட்டார்கள், அந்த நாளை ஆரும் எழுதித் தரவில்லை, அப்பாவும் லீவு என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், அவள் குத்துமதிப்பாக ஒரு திகதியை வாயால் சொல்ல, மேசைக்குப் பின்னால் இருந்தவர் பேனையை மூடிவிட்டாராம்.

"திகதி போட்டிருக்கோ?"

"ஓம், போட்டிருக்கு. முத்திரையும் கையெழுத்தும் இருக்கு."

"எத்தினை பிரதி எடுத்து வைச்சிருக்கிறாய்?"