எண்ணும் ஓர் அடையாளம்

போர்க்கால விமானங்களின் தயாரிப்புப் பதிவேடுகளைப் படிப்பதில் எனக்கு ஆர்வம் உண்டு. வெறும் எண்கள்தாமே என்று நண்பர்கள் நகைப்பர். ஆனால் அவ்வெண்களுக்குப் பின்னே மனிதர்கள் இருக்கின்றனர்.

இரண்டாம் உலகப் போரில் கிரம்மன், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனங்கள் அமெரிக்கக் கடற்படைக்காக 9,800-க்கும் மேற்பட்ட அவெஞ்சர் விமானங்களைக் கட்டின. தோற்றத்தில் அவை இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. ஆதலால் ஒவ்வொன்றுக்கும் கடற்படை தனி எண் வழங்கியது. பெறப்பட்ட நாள், சேர்ந்த படைப்பிரிவு, இறுதியில் நேர்ந்த கதி ஆகியன அவ்வெண்ணின்கீழ் அட்டையில் பதிவாயின.

1945 டிசம்பர் 5 அன்று புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் தளத்திலிருந்து பயிற்சிக்குப் புறப்பட்ட ஐந்து அவெஞ்சர்கள் திரும்பவில்லை. அவற்றில் சென்ற 14 பேரும் மறைந்தனர். 1991-இல் அக்கரைக்கு அப்பால், கடலடியில் ஐந்து அவெஞ்சர்களைப் புதையல் தேடியோர் கண்டனர். அதே வகை, அதே எண்ணிக்கை! விடை கிடைத்தது என்றே பலரும் எண்ணினர். எண்களை ஒப்பிட்டபோதோ, அவை வேறு விமானங்கள் என்று தெரிந்தது.

நாற்பத்தாறு ஆண்டுகள் காத்திருந்த குடும்பங்களுக்கு அச்செய்தி எவ்வளவு கசந்திருக்கும்! ஆயினும், அன்று பெயரறியாத எழுத்தர் ஒருவர் இலக்கம் பிசகாமல் எழுதி வைத்ததால்தான், பிறர் விமானத்தைத் தம்மவரின் கல்லறையென நம்பி அவர்கள் அழ நேரவில்லை. பொய்யான ஆறுதலைத் தடுத்த அந்தச் சிறு நேர்மையும் மறைந்தோருக்குச் செய்த மரியாதையே.