ஒரு விளையாட்டின் விலை

பகடை உருட்டிக் கற்பனை வீரர்களாய் உலவும் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு எமது மகனை ஆட்கொண்டு சில மாதங்களாகின்றன. சென்ற ஞாயிறு, "அப்பா, அந்தப் பெயரையே விலைக்கு வாங்க எவ்வளவு வேண்டும்?" என்றான். கணக்கில் அவனை இழுக்க இதைவிட நல்ல தருணம் வாய்க்காதென்று தாளும் பென்சிலுமாய் அமர்ந்தோம்.

1974 இல் அமெரிக்காவில் கைகக்ஸ், ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கிய அவ்விளையாட்டில், முதலில் அச்சானவை 1,000 பெட்டிகளே. ஒன்று 10 டொலர். "பத்தாயிரம் டொலர்!" என்றான். அது பெட்டிகளின் விலை, பெயரின் விலையன்று என்றோம்.

1997 இல் கடனில் தத்தளித்த டி.எஸ்.ஆர். கம்பனியிடமிருந்து விளையாட்டு விசார்ட்ஸ் ஒவ் த கோஸ்ற் கம்பனிக்குப் போயிற்று. 1999 இல் ஹாஸ்ப்ரோ அந்த விசார்ட்சையே சுமார் 32 கோடியே 50 இலட்சம் டொலருக்கு வாங்கியது. ஆனால் அத்தொகையில் 'மாஜிக்' சீட்டுகளும், அந்நாளில் விற்றுக் குவிந்த போக்கிமொன் சீட்டுகளும் அடக்கம். தோப்பின் கிரயத்தைக் கொண்டு ஒற்றை மாமரத்தை மதிப்பதெங்ஙனம்? ஆண்டு இலாபத்தைச் சில ஆண்டுகளாற் பெருக்கலாம். எத்தனை ஆண்டுகள் என்பதிலேதான் வாங்குபவனும் விற்பவனும் மல்லுக்கு நிற்பர்.

'மொனொப்பொலி'க்கு முன்னோடியான ஆட்டத்தை ஆக்கி 1904 இல் காப்புரிமை பெற்ற எலிசபெத் மாகியின் கதையையும் சொன்னோம். 1935 இல் அவருடைய உரிமைக்குப் பார்க்கர் பிரதர்ஸ் கொடுத்தது 500 டொலர், விற்பனையிற் பங்கில்லை.

மகன் உள்ளே சென்று, தான் வரைந்த விளையாட்டுக் கொப்பியைக் கொணர்ந்தான். "இதற்கு?"

ஐந்நூறு ரூபா தருவோமென்றோம். கொப்பியை மார்போடணைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.