பதனிட்ட வால்வும் நாற்காலித் தொழுகையும்



பாகாயத்தில் எம் மத்ரஸாவிற்கு மார்க்கச் சட்டம் கேட்டு வருவோருள் நோயாளிகளின் உறவினர் பலர். சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி வளாகம் இங்கேயே உள்ளது. 1961-இலேயே இதயத் திறப்பு அறுவை செய்த அதன் மருத்துவமனை வேலூர் நகருக்குள் இருக்கிறது.

சென்ற ஆண்டு எம் மாணவன் ஒருவனின் பாட்டனார் வந்தார். அவர் மனைவிக்குப் பல்லாண்டு முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தன. இப்போது இதய வால்வும் சுருங்கிவிட்டது. “ஹஜ்ரத், பன்றி வால்வு வைப்பார்களாமே! அறுவையே வேண்டாம் என்று ஒரே பிடியாக நிற்கிறாள்” என்றார்.

எந்த வால்வு என்று மருத்துவரிடமே கேட்டுவரச் சொன்னோம். உலோக வால்வு நெடுநாள் உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுதும் மாத்திரை வேண்டும். மூட்டுவலிக்கான வலிநிவாரணியும் அதனோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு ஆபத்து கூடும். எனவே எழுபதை நெருங்கும் அவருக்கு மாட்டின் இதய உறையால் செய்த வால்வைப் பரிந்துரைத்தார்கள். அது காலப்போக்கில் தேயக்கூடியது என்பதையும் மறைக்கவில்லை.

அவ்வுறையைக் குளூட்டரால்டிஹைடில் பதப்படுத்துகிறார்கள் என்றதும், ஆம்பூர் டேனரியில் முப்பதாண்டு உழைத்த அப்பெரியவரின் முகம் மலர்ந்தது. “அது தோல் பதனிடும் மருந்துதானே, ஹஜ்ரத்!” உண்மைதான். பதனிட்டால் தோல் தூய்மையாகும், பன்றித்தோல் மட்டும் ஆகாது என்னும் ஃபிக்ஹ் பாடத்தை ஆண்டுதோறும் நடத்தும் நாம், அதற்கு இப்படியோர் உதாரணத்தை எண்ணியதில்லை. வேறு வழியற்ற நிர்ப்பந்தத்தில் பன்றி வால்வையும் ஆலிம்கள் அனுமதித்துள்ளனர் என்பதையும் அவரிடம் சொன்னோம். உயிர்காக்கும் சிகிச்சையை மறுப்பது பேணுதல் ஆகாது.

முடக்குவாதம் உள்ளோர் அறுவைக்கு முன் சொல்லவேண்டியவை சில உண்டு. இந்நோய் கழுத்தெலும்பின் மூட்டையும் தளர்த்தக்கூடும்; மயக்க மருத்துவர் குழாய் செலுத்தக் கழுத்தை வளைப்பார் என்பதால் கழுத்துவலியை அவரிடம் கட்டாயம் கூறவேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை புண் ஆறுவதைத் தாமதிக்கும், கிருமித்தொற்றுக்கும் இடந்தரும். அதற்காக நாமாக அதைத் திடீரென நிறுத்துவது அதனினும் ஆபத்து.

அறுவைக்குப் பின்னும் ஒரு சிக்கல். பிளந்து கட்டிய நெஞ்செலும்பு கூடும்வரை, சில வாரங்கள், கைகளை ஊன்றி எழக்கூடாது. முழங்கால் பழுதானவரோ கையூன்றாமல் எப்படி எழுவார்? ஸஜ்தாவிலிருந்து எழுவதை நினைத்தே அந்த அம்மையார் அழுதாராம். நாற்காலியில் அமர்ந்து, ருகூஃவுக்குச் சற்றுக் குனிந்து, ஸஜ்தாவுக்கு அதைவிடத் தாழக் குனிந்து தொழலாம் என்று செய்துகாட்டி அனுப்பினோம். சக்திக்கு மேல் அல்லாஹ் எவரையும் சுமத்துவதில்லை.

அறுவை நலமாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். நாற்காலித் தொழுகை தொடர்கிறது. ரமழான் நோன்புக்கு மருத்துவர் இன்னும் இசையவில்லை; ஃபித்யா கணக்கை எழுதிக் கொடுத்திருக்கிறோம்.