சுருளில் புகுந்த ஒளி

ஒளி, இறைவன் வழங்கிய பெருங்கொடை. எனினும் புகத்தகாத இடத்தில் புகுந்தால் அதுவே இழப்பாகிவிடும் என்பதை எமக்கு உணர்த்தியது ஒரு புகைப்படச் சுருள்.

1991ஆம் ஆண்டு யாம் மாணவராய் இருந்த காலம். படம் எடுத்துக்கொள்வதில் எம் அத்தாவிற்கு நாட்டமில்லை. திருமயத்தை அடுத்த காட்டுபாவா பள்ளிவாசலுக்குச் சென்றபோது, எம் வற்புறுத்தலுக்கு இணங்கி மரநிழலில் அமர்ந்தார். இரவல் வாங்கிய 35 மி.மீ. காமிராவில் ஆறு படங்கள் எடுத்தோம். இடையிடையே காமிராவை மிதிவண்டிக் கைப்பிடியில், உச்சி வெயிலில் மாட்டிவைத்தோம்.

கழுவி வந்த படங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு வெண்பட்டை! புதுக்கோட்டையில் இருந்த அந்த ஸ்டுடியோவிற்கு விரைந்தோம். இருட்டறையை ஒழுங்காகச் சாத்தாததால்தான் லைட் அடித்துவிட்டது என்று முதியவரான உரிமையாளரைக் கடிந்தோம்.

"தம்பி, முதலில் சோதித்துப் பார்ப்போம், பிறகு ஏசுங்கள்" என்றார் அவர்.

முதற்கண் தம் இருட்டறையையே சோதித்தார். விளக்கணைத்து, பயன்படுத்தாத சுருள் துண்டின்மேல் ஒரு நாணயத்தை ஐந்து நிமிடம் வைத்துப் பின் கழுவினார். ஒளி கசிந்திருந்தால் சுற்றிலும் கருத்து, நாணயத்தின் வட்டம் மட்டும் வெளிறித் தெரியும். அத்தகைய தடம் ஏதும் இல்லை.

அடுத்து எம் நெகட்டிவை விளக்கொளியில் பிடித்தார். கரும்பட்டை படச்சட்டத்தைத் தாண்டி ஓரத் துளைகள் வரை ஓடியிருந்தது. லென்ஸ் வழி வந்த ஒளியாயின் சட்டத்திற்குள் அடங்கியிருக்கும். இது பின்புறத்து ஒளி என்றார். மேலும் அப்பட்டை எட்டுத் துளைக்கு ஒருமுறை தோன்றியது. காமிராவில் சுருள் ஒவ்வொரு படத்திற்கும் நகரும் அளவு அதுவே. இருட்டறை ஒளிக்கு அக்கணக்குத் தெரியாதன்றோ? இறுதியாகச் சிறு டார்ச் விளக்கைக் காமிராவினுள் வைத்து மூடி, இருளில் காட்டினார். பின்கதவின் கீலோரம் ஒளிக்கீற்று மின்னியது. அங்கிருந்த கறுப்புப் பஞ்சுப்பட்டை மக்கி உதிர்ந்திருந்தது. வெயிலில் நெடுநேரம் நின்ற படங்களில் பட்டை அடர்ந்திருந்ததன் காரணமும் விளங்கிற்று.

பிழை எம்முடையது. ஆயினும் நாணத்தால் மன்னிப்புக் கேளாமல் திரும்பினோம். கீலோரம் கறுப்புக் கம்பளி நூலை ஒட்டியபின் மீண்டும் படமெடுக்க எண்ணியிருந்தோம். அதற்குள் அத்தா வஃபாத்தானார்.

ஜனாசாவிற்கு அம்முதியவரும் வந்திருந்தார். சில நாள் கழித்து ஓர் உறையை எம்மிடம் நீட்டினார். ஆறில் ஒன்றில் மட்டும் பட்டை அத்தாவின் தோளோடு நின்றிருந்தது. அதைத் தவிர்த்து, முகத்தை மட்டும் பெரிதாக்கித் தந்திருந்தார். கூலி பெறவில்லை. அன்றுதான் அவர் கைகளைப் பற்றி மன்னிப்புக் கேட்டோம்.

உதகையில் 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையும் மூடப்பட்டுவிட்டது, சுருள்களும் அருகிவிட்டன. ஆனால் அப்பாடம் பழையதாகவில்லை. பதினொன்றாம் நூற்றாண்டில் ஒளியியலை ஆராய்ந்து 'கிதாபுல் மனாழிர்' எழுதிய இப்னுல் ஹைதம், கேட்டதை நம்பாது சோதித்தறிந்தவர். அந்த முதியவரோ, பிறர் குற்றம் காணுமுன் தம் அறையைச் சோதித்தவர். மாணவச் செல்வங்களே, பழி சொல்லுமுன் நும் கீலோரத்தை ஒருமுறை பாருங்கள்.